அட்மிஷன் நாள் இரைச்சலில் லிட்மன் கிளாசிக் 3 ஸ்டெதஸ்கோப்: ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பி.ஜி.க்களுக்கும் (மேற்படிப்பு மருத்துவர்களுக்கும்) ஒரு விமர்சனம்

ஸ்டெதஸ்கோப் விமர்சனங்கள் பெரும்பாலும் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து எழுதப்படுகின்றன. நம் ஊர் அரசு மருத்துவமனையில், யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில், அது வேலை செய்யும் இடம் வேறு. டிராலிச் சக்கரம் கிறீச்சிடும். மானிட்டர்கள் ஆளுக்கொரு சுருதியில் அலறும். ஒரு நோயாளியைச் சுற்றி நான்கு உறவினர்கள் நின்றபடி பேசிக்கொண்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் சைரன் வாசல்வரை வந்துதான் அடங்கும். இருபது மணி நேரமாகத் தூங்காத ஒரு ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். முடிவில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்) அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவருக்கு இருப்பது ஆஸ்துமாவா, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். நெபுலைசர் போதும் என்று நினைத்து விட்டுவிட்டால், நீரை வெளியேற்றும் ஃபுரோசிமைடு ஊசி போயிருக்க வேண்டிய நேரம் வீணாகிவிடும். அந்த அரை நிமிடத்துக்கு இந்தக் கருவி உதவுகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பொருளைப் பற்றி. கிளாசிக் 3 மாடல் 2015 முதல் விற்பனையில் இருக்கிறது. எடை 150 கிராம், நீளம் 69 செ.மீ. பெரியவர்களுக்கான பக்கம் 4.3 செ.மீ., குழந்தைகளுக்கான பக்கம் 3.3 செ.மீ. விட்டம். நெஞ்சில் வைக்கும் பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பெனி தரும் வாரன்டி 5 ஆண்டு. லிட்மன் பிராண்டை 3எம் 1967-ல் வாங்கியது. 2024 ஏப்ரலில் 3எம்மின் மருத்துவப் பிரிவு சால்வென்டம் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதனால் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் போலி என்று பயப்பட வேண்டியதில்லை.

விலை இடத்துக்கு இடம் மாறும். எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்வரை எதிர்பார்க்கலாம். ஹவுஸ் சர்ஜனின் ஒரு மாத ஸ்டைபண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது. ஹாஸ்டல் மெஸ் பில், வீட்டுக்கு அனுப்பும் பணம், நீட் பி.ஜி. கோச்சிங் கட்டணம் எல்லாம் அதே ஸ்டைபண்டிலிருந்துதான் போகவேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் இதில் எது பயன், எது பெயருக்குக் கொடுக்கும் காசு என்று தெரிந்துகொள்வது நல்லது.

பயன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இதன் இரட்டை வேலை டயாஃப்ரம். பழைய மாடல்களில் தாழ்ந்த ஒலிக்கு பெல் (கிண்ணம் போன்ற பக்கம்), உயர்ந்த ஒலிக்கு டயாஃப்ரம் (மெல்லிய தகடு மூடிய பக்கம்) என்று திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். இதில் லேசாக வைத்தால் தாழ்ந்த அதிர்வெண் ஒலி கேட்கும், அழுத்தினால் உயர்ந்த அதிர்வெண் ஒலி கேட்கும். வார்டில் நாற்பது பேரைப் பார்க்க வேண்டிய ரவுண்ட்ஸில் இது மிச்சப்படுத்தும் நேரம் கணிசமானது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. களைத்த கை தன்னையறியாமல் அழுத்தும். அழுத்திவிட்டால் எஸ்3 என்ற மூன்றாவது இதய ஒலியும், மைட்ரல் ஸ்டெனோசிஸின் (மைட்ரல் வால்வு சுருங்குவதன்) உருளும் மர்மரும் (வால்வு வழியாக இரத்தம் கலங்கி ஓடும் ஒலியும்) மறைந்துவிடும். அந்த வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் இதயநோய் இன்னும் முழுதாக ஒழியாத ஊரில் இது சின்ன விஷயமில்லை. கர்ப்பிணி ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தால், இந்த மர்மரைத் தேட நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, இதய முனைத் துடிப்பை விரலால் தேடிக் கண்டுபிடித்து, கருவியின் எடை மட்டும் அங்கே உட்காரும்படி வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லிக் கேட்க வேண்டும். கையை முழுக்க எடுத்துவிடவும் கூடாது, தோலில் வளையம் பதியும் அளவுக்கு அழுத்தவும் கூடாது.

பி.பி. பார்ப்பதற்கும் இதே விதிதான். கையைச் சுற்றிய கஃப் தளரும்போது இரத்தக் குழாயில் கேட்கும் கொரோட்காஃப் ஒலிகள் தாழ்ந்தவை. முழங்கையின் உள்பக்கம் அழுத்திப் பிடித்துக் கேட்டால் மெல்லிய ஒலிகள் தப்பிவிடும். கஃப்புக்கு அடியில் கருவியைச் செருகிவிடுவது வேகத்துக்குச் சுலபமாகத் தோன்றும், அளவு தவறாக வரும்.

அடுத்தது காது. கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) இரைச்சலைத் தடுப்பது கருவியின் விலை அல்ல, காதில் செருகும் இயர்டிப் காதை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதுதான். இயர்டிப்கள் மூக்கை நோக்கி முன்பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். பின்பக்கம் திரும்பியிருந்தால் காதுக் குழாயின் சுவரில் முட்டி பாதி ஒலி நின்றுவிடும். சாதாரண மென்மையான இயர்டிப்களோடு சிறிய அளவில் ஒரு ஜோடியும் பெட்டியில் வரும். காது சிறியவர்கள், குறிப்பாகப் பெண் மருத்துவர்கள் பலர், பெரியதையே மாட்டிக்கொண்டு "சரியாகக் கேட்கவில்லை, காது வலிக்கிறது" என்று வாங்கிய மாதமே குறைப்படுவதுண்டு. சிறியதை மாட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவுசெய்யுங்கள்.

புதுக் கருவி காதை நெருக்கினால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு உலோகக் குழாய்களையும் இயர்டிப்புக்கு அருகில் வளைவில் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கம் இழுத்து நன்றாக விரிக்க வேண்டும். இறுக்கம் குறையும். தளர்ந்துவிட்டால், குழாய்கள் ரப்பருக்குள் நுழையும் இடத்தை ஒரு கையால் பிடித்து, இரண்டும் ஒன்றையொன்று தொடும்வரை அமுக்க வேண்டும். இதைத் தெரியாமல் குழாயின் நடுவில் பிடித்து வளைத்து மடக்கிவிடுபவர்கள் அதிகம். தலைக்கு மேல் மாட்டிக்கொண்டே தூங்கி எழுந்தாலும் அதே கதிதான்.

"திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை" என்ற புகார் எல்லா யூனிட்டிலும் வரும். பத்தில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சாதாரணம்: நெஞ்சில் வைக்கும் தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் திறந்திருக்காது. தலைப்பகுதியைக் குழாயோடு இணைக்கும் தண்டைப் பிடித்துத் தலைப்பகுதியை 'க்ளிக்' என்று விழும்வரை திருப்பி, டயாஃப்ரமை விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு நோயாளியின்மேல் வையுங்கள். கார்டியாக் அரெஸ்டில் மூச்சுக் குழாய் போட்டபின் காற்று இரண்டு நுரையீரலுக்கும் போகிறதா என்று கேட்கும் நேரத்தில் கருவி தவறான பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கவில்லை என்றால் அடுத்த காரணம் அழுக்கு. இயர்டிப்புக்குள் காது மெழுகு, கோட்டுப் பையின் பஞ்சு இரண்டும் சேர்ந்து அடைக்கும். டிப்பைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் சுத்தம்செய்து, உறுதியாக உட்காரும்படி மாட்ட வேண்டும்.

இந்தக் கருவி எவ்வளவு தூரம் கை கொடுக்கிறது என்பதைக் காட்டும் இடம், பூச்சிமருந்து குடித்தவரை அட்மிட் செய்யும் இரவு. ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுக்கும்போது 0.6 மி.கி. ஆம்பூல் மூன்றிலிருந்து ஐந்துவரை, அதாவது 1.8 முதல் 3 மி.கி.வரை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மார்பைக் கேட்பார்கள். முன்னேற்றம் இல்லையென்றால் டோஸ் இரட்டிப்பு. மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி ஸ்டெத். நுரையீரல் கிரெப்ஸ் (நீர் கோத்தால் கேட்கும் நொறுங்கொலி) இல்லாமல் தெளிவாகும்வரை, நாடி 80-க்கு மேல் வரும்வரை, அக்குள் காயும்வரை, இரத்த அழுத்தம் தேறும்வரை இது தொடரும். அதன்பிறகும் வயிற்றில் குடல் ஒலி முழுதாக நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். நின்றிருந்தால், அதோடு காய்ச்சலும் பிதற்றலும் சேர்ந்தால், அட்ரோபின் அதிகமாகிவிட்டது. ஆக ஒரே நோயாளியிடம் ஒரு இரவில் டஜன் கணக்கில் இந்த டயாஃப்ரம் போய் உட்காரும். கிளாசிக் 3 இதில் நன்றாகவே தேறுகிறது. நுரையீரலின் கிரெப்ஸ், வீசிங் (விசில் போன்ற மூச்சொலி) இரண்டுக்கும் இதன் ஒலி போதுமானது. குறை கருவியில் இல்லை. தூக்கக் கலக்கத்தில் முன்பக்கம் மட்டும் கேட்டுவிட்டு நகர்வதுதான் குறை. நுரையீரலின் கீழ் மடல்கள் முதுகுப்பக்கம் இருக்கின்றன. நோயாளியை உட்கார வைக்க முடியாவிட்டால் சிஸ்டரையும் அட்டெண்டரையும் துணைக்கு அழைத்துப் பக்கவாட்டில் திருப்பியாவது முதுகின் அடிப்பகுதியைக் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, நஞ்சு பட்ட உடையும் வாந்தியும் கருவியில் ஒட்டும். முடிந்ததும் துடைக்காமல் கழுத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

துடைப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத்தான் நாம் முதலில் கைவிடுகிறோம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு நோயாளியைப் பரிசோதித்தபின் டயாஃப்ரமில் இருந்த கிருமிகள், மருத்துவரின் விரல் நுனிக்கு அடுத்தபடியாக, கையின் மற்ற எல்லாப் பகுதியையும்விட அதிகமாக இருந்தன. கையை சானிடைசரில் கழுவிவிட்டு அழுக்கு ஸ்டெத்தை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோவதில் அர்த்தமே இல்லை. 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியோ, வைப் (ஈரத் துடைப்புத் தாள்) ஒன்றோ போதும். டயாஃப்ரம், அதன் விளிம்பு, தண்டு, குழாய், இயர்டிப் என்று அந்த வரிசையில் துடைத்துக் காயவிட வேண்டும். கை சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. அதிலுள்ள மற்றச் சேர்மானங்கள் பாகங்களைக் கெடுக்கும். தண்ணீரில் மூழ்கடிப்பது, ஆட்டோகிளேவில் போடுவது இரண்டும் கூடவே கூடாது. சில வார்டுகளில் ஸ்பிரிட் பஞ்சே எண்ணி எண்ணித்தான் கிடைக்கிறது என்பது உண்மைதான். பையில் தனியாகப் பத்து வைப் பாக்கெட் வைத்திருப்பது செலவு, ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ இருக்கும் மருத்துவருக்கு அது தவிர்க்க முடியாத செலவு. காசநோய் வார்டில் இருந்து வந்த ஸ்டெத்தை அப்படியே வீட்டு மேசையில் வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குழாய் பி.வி.சி.யால் ஆனது. தோலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் படப்பட அது விறைக்கும். சென்னை வெயிலில் வெறுங்கழுத்தில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் இரண்டே வருடத்தில் வளைய மறுக்கும் குழாயைப் பார்க்கலாம். சட்டைக் காலருக்கு மேல் போடுவது, அல்லது கோட்டுப் பையில் வைப்பது ஆயுளைக் கூட்டும். வைக்கும் இடத்தின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியும் அப்படித்தான்.

கழுத்தில் தொங்கவிடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளியின் மகன் பணி நேரத்திலேயே கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களுக்கு மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கும் மாநிலச் சட்டம் 2008 முதல் இருக்கிறது. இருந்தும் இரவில் கேஷுவாலிட்டியில் தனியாக நிற்கும் ஹவுஸ் சர்ஜனுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு செக்யூரிட்டி அண்ணன்கூட இருப்பதில்லை. இறப்பைத் தெரிவிக்கப் போகும்போதும், குடிபோதையில் இருப்பவரை, வலிப்புக்குப் பின் குழம்பியிருப்பவரை அணுகும்போதும் ஸ்டெத்தைக் கழுத்திலிருந்து எடுத்துப் பையில் போட்டுவிடுங்கள். யாரும் பிடித்து இழுக்கக்கூடிய கயிறாக அது இருக்க வேண்டாம்.

காணாமல்போவது பெரிய தலைவலி. பல ஊர்களில் டூட்டி ரூமில் லாக்கர் கிடையாது, கட்டில் இருந்தாலே அதிர்ஷ்டம். கறுப்பு நிறம் வாங்கினால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ராஸ்பெர்ரி, டர்க்காய்ஸ் போன்ற நிறங்கள் கைமாறினால் கண்ணில் படும். பெயரைத் தலைப்பகுதியில் லேசரில் பொறித்துத் தரும் கடைகள் உண்டு. அதற்கு ஆகும் சில நூறு ரூபாய் வீண்போகாது. "ஒரு நிமிஷம் குடுங்க டாக்டர்" என்று கேட்பவருக்கு மறுக்க முடியாது, அது வார்டு வழக்கம். கொடுத்தால் கையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இயர்டிப்பைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். காதுத் தொற்று இப்படியும் பரவலாம்.

கார்டியாலஜி 4 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதில் ஒரே குழாய்க்குள் இரண்டு ஒலிப்பாதைகள் இருக்கின்றன, மெல்லிய மர்மர்கள் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு, எடையும் கூடுதல். ஜெனரல் மெடிசின், கார்டியாலஜி பி.ஜி.க்கு அது நியாயம். சர்ஜரி, ஆர்த்தோ, மகப்பேறு என்று போகப்போகிறவர்களுக்கு வீண். எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவருக்குக் கிளாசிக் 3-கூட அவசரமில்லை. ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே கிடைக்கும் நல்ல இந்தியத் தயாரிப்பில் சாதாரண மூச்சொலியையும் எஸ்1, எஸ்2-வையும் நூறு பேரிடம் கேட்டுப் பழகிவிட்டு வாங்கினால், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று காதுக்கே தெரியும்.

இங்கே மனம் பொறுக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த மாடலும் இருபத்தெட்டாவது மணி நேரத்தில் காதுக்கும் மூளைக்கும் நடுவில் நேர்வதைச் சரிசெய்யாது. அட்மிஷன் நாள் காலையில் வந்தவர், மறுநாள் சீஃப் ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடித்தபின்தான் ஹாஸ்டலுக்குப் போகிறார். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் ரெசிடென்டுகளுக்கு (மருத்துவமனையில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு) வேலை கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி, "நியாயமான வேலை நேரம்" என்று எண் சொல்லாமல் நின்றது. அதே ஆணையம் அமைத்த மனநலக் குழு 2024-ல் வாரம் 74 மணி நேரம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. 48 மணி நேரம் என்று தொடங்கிய பேச்சு 74-ல் வந்து நிற்கிறது, அதுவும் பரிந்துரையாகத்தான். நடைமுறையில் இதையும் தாண்டி உழைக்கும் பிள்ளைகளிடம், "உனக்கு மர்மர் கேட்கலையா?" என்று ரவுண்ட்ஸில் எல்லார் முன்னிலும் சத்தம் போடும் மூத்தவர்கள், அந்தப் பிள்ளை கடைசியாக எப்போது தூங்கியது என்று ஒரு தடவை கேட்டுவிட்டுச் சத்தம் போடலாம்.

அந்த நிலையிலும் வேலை நடக்கத்தான் வேண்டும் என்பதால், களைத்த காதுக்கு உதவும் சில வழக்கங்கள். கேட்டதைப் படுக்கை அருகிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். நான்கு பேரைப் பார்த்துவிட்டு எழுதினால் ஒருவரின் கிரெப்ஸ் இன்னொருவர் தாளில் ஏறிவிடும். மூச்சு எண்ணிக்கையை ஊகிக்காமல் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். "மார்பு தெளிவு" என்று காது சொல்கிறது, ஆனால் ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இருக்கிறது என்றால், காதை நம்பாமல் உடன் படிக்கும் பி.ஜி. ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சட்டைக்கு மேல் வைத்துக் கேட்காதீர்கள். மார்பில் முடி அதிகமிருந்தால் உரசும் ஒலி கிரெப்ஸ் போலவே கேட்கும், அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கேளுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேனை அரை நிமிடம் நிறுத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

வாங்கும் இடம்: சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இணையத்தில் வாங்கினால் விற்பவர் யார் என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் இந்த பிராண்டில் போலி நிறைய. தண்டில் பொறித்த சீரியல் எண் இருக்க வேண்டும். அதைக் கம்பெனி இணையதளத்தில் சரிபார்க்கலாம். இரண்டாயிரத்துக்குக் கிளாசிக் 3 என்று வந்தால் அது கிளாசிக் 3 அல்ல. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கினால் வாரன்டி கேட்டுப் போகும்போது கையை விரிப்பார்கள். இயர்டிப், டயாஃப்ரம் இரண்டும் தனியாகக் கிடைக்கும், விளிம்பு விரிந்து கழன்றதும் மாற்றிவிடுங்கள். பசை போட்டு ஒட்டினால் டயாஃப்ரம் அசையாது, தாழ்ந்த ஒலியும் கேட்காது.

காது கேட்பது குறைந்துவிட்ட மூத்த மருத்துவர்களுக்குக் கிளாசிக் 3-ஐப் பரிந்துரைக்க மாட்டோம். ஒலியைப் பெருக்கி, சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் எலக்ட்ரானிக் வகைதான் அவர்களுக்கு ஏற்றது. விலை மூன்று மடங்குக்கு மேல் போகும், தினமும் சார்ஜ் போட நினைவு வேண்டும். ஐசோலேஷன் அறைகளுக்கும், டிரிப்பில் மருந்து நிற்காமல் ஓடும் ஐ.எம்.சி.யூ. (தீவிர சிகிச்சைப் பிரிவு) படுக்கைகளுக்கும் யாருடைய சொந்த ஸ்டெத்தும் போகக் கூடாது. படுக்கைக்கு ஒன்று என்று ஐந்நூறு ரூபாய்க் கருவியை மருத்துவமனையே வாங்கிக் கட்டித் தொங்கவிட வேண்டும். மாதாந்திர இன்டெண்ட் (தேவைப் பட்டியல்) எழுதும்போது சிரிஞ்சு, கையுறையோடு சேர்த்து இதையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒருமுறை வரவில்லையென்றால் அடுத்த மாதமும் எழுதுங்கள்.